போத்தலைப் பூட்டுவதா, நிறுத்துவதா?

எங்கள் பக்கத்தில் வயலுக்கு அடிக்கிற நஞ்சை யாரும் நஞ்சு என்று சொல்வதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கேட்டால் ‘எண்ணெய்’ என்பார்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமும் அப்படித்தான். சிலர் ‘மருந்து’ என்பார்கள். கடைச் சீட்டில் அது களைநாசினி, கிருமிநாசினி. திணைக்களக் கடிதத்தில் பீடைகொல்லி. ஒரு சொல் அடுப்படியிலிருந்து வந்தது, இன்னொன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மற்றவை களையையும் பூச்சியையும் மட்டும் கொல்வதாகச் சொல்கின்றன. அதைக் கையில் பிடித்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை.

அந்தப் போத்தல் இருந்த இடமும் அப்படித்தான். நான் சின்ன வயதில் பார்த்த வாடிகளில், அதாவது வயல் காவல் குடிசைகளில், அது கூரை வைக்கோலுக்குள் செருகிக் கிடக்கும். கீழே தேயிலைப் பேணி, சீனிப் பேணி. காவலுக்கு வருபவர் அதற்கு நேர் கீழேதான் பாயை விரிப்பார். வேளாண்மை வெட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது மிச்ச எண்ணெயும் கூடவே வரும். காசு கொடுத்து வாங்கியதை யார் எறிவார்?

விஞ்ஞானத்துக்கு எல்லை எது, பொறுப்பு யாருடையது என்று பேச்சு எடுத்தால் நம்மவர்கள் உடனே அணுகுண்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக்குப் போகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை வட்டைகளில் (வயல்வெளிகளில்) எழுபது வருடமாக அந்தக் கேள்விதான் ஒவ்வொரு போகமும் விதைக்கப்பட்டு அறுக்கப்படுகிறது. அதில் நன்றாக முடிந்த கதையும் உண்டு, படுமோசமாக முடிந்த கதையும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பட்டிப்பளை ஆற்றை மறித்த பிறகு

கல்லோயா என்று எல்லோரும் சொல்லும் ஆறு எங்களுக்குப் பட்டிப்பளை ஆறு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி அணையைக் கட்ட, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. குடியேற்றம், அதன் கசப்பு, 1956 ஜூனில் அங்கே தமிழர் மீது நடந்த வன்முறை, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது எல்லாம் வேறொரு பெரிய கதை. அதற்குள் போனால் இன்றைக்குத் திரும்பி வர முடியாது. எத்தனை ஏக்கர், எத்தனை அடித் தண்ணீர் என்பதற்கு எஞ்சினியர்களிடம் அளவுகோல் இருந்தது, யாருக்கு என்பதற்கு இருக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தண்ணீருக்குப் பின்னால் நெல் மாறியது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச் 4 இனம் 1950களின் கடைசியில் வந்தது. 1970 தொடக்கம் பிஜி இனங்கள் வந்தன: பிஜி 11-11, பிஜி 34-8, 1975இல் பிஜி 94-1. பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லுக்கு யூரியாவைக் கொட்டினால் அது உயர்ந்து போய்ச் சாய்ந்துவிடும். புதியவை குட்டை, போட்ட பசளையைக் கதிராகத் திருப்பித் தரும். அம்மம்மாமார் சொன்ன பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் எவரும் பிஜி நெல்லை லேசாகத் திட்ட மாட்டார். நானும் திட்டவில்லை.

ஆனால் நெல் தனியாக வரவில்லை. பசளை குடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கும் வேளாண்மை பூச்சிக்கும் ருசி. எங்கள் பக்கத்தில் நாற்று நடுவதைவிட வீசி விதைப்பதுதான் வழக்கம். வரிசை இல்லாத வயலில் களை பிடுங்க எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு கூலி வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் ஒரு போத்தல் எண்ணெய் மலிவு. நெல் பசளையைக் கேட்டது, பசளை பூச்சியைக் கூப்பிட்டது, பூச்சியும் களையும் போத்தலைக் கொண்டுவந்தன. 1990களின் தொடக்கத்தில் அம்பாறைப் பக்கம் பன்றிநெல் என்ற களை தலைகாட்டியபோது இந்தச் சங்கிலி இன்னொரு சுற்றுப் போனது. பன்றிநெல் நெல்லின் இரத்த உறவு. நெல்லைக் கொல்லாத எண்ணெய் அதையும் கொல்லாது.

ஒரு மூடை யூரியாவின் இரண்டு முகம்

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஜெர்மனியில் இருக்கிறது. காற்றில் சும்மா கிடக்கும் நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கும் வழியை 1909இல் பிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்து, 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சோறு இந்த வழியில் வந்த நைதரசனால்தான் விளைகிறது. அதே ஹேபர்தான் 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தினார். அவர் மனைவி கிளாரா இம்மர்வாரும் இரசாயன விஞ்ஞானி. அடுத்த மாதத் தொடக்கத்தில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். போர் முடிந்த பிறகு, அமோனியாவுக்காக, 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் இத்தோடு பெருமூச்சு விட்டு நிறுத்திவிடுவார்கள். படுவான்கரைக்காரர்களுக்கு இது பெருமூச்சு விடும் கதை அல்ல, பட்ட கதை. இங்கே உள்நாட்டுப் போர்க்காலத்தில் யூரியா வெடிபொருளாகும் என்று அதற்குக் கட்டுப்பாடு இருந்தது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். (வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே பாதை என்றால் மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிப் போகும் மிதவை.) சோதனைச் சாவடியில் ஒரு மூடை யூரியாவோடு நிற்பவர் கமக்காரரா, வேறு யாருமா என்று அந்த வெள்ளை மணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடிதம் காட்ட வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும், கதிர் வரும் நேரத்துக்குப் பசளை கிடைக்காமலே போகவும் செய்யும். ஒரு கண்டுபிடிப்புக்கு இரண்டு பாவனை இருந்தால் அதன் சந்தேகத்தைச் சுமப்பது கண்டுபிடித்தவர் அல்ல, வரிசையில் கடைசியாக நிற்கும் ஆள்தான் என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பூச்சிமருந்தின் பிறப்பும் இதைவிடத் தூய்மையானது அல்ல. 1936இன் கடைசியில் ஜெர்மன் இரசாயனவியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சியைக் கொல்லும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கையில் அகப்பட்டது தபுன் என்ற நரம்பு நஞ்சு. 1938இல் சரின். பிறகு வயல்களுக்கு வந்த பரத்தியோனும் அவருடைய தேடலில் பிறந்ததுதான். இவை எல்லாம் செய்வது ஒரே வேலை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகை முடிந்ததும் அதைத் துடைத்துவிட உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுவிடும். சைகை நிற்காமல் ஓடும். எச்சில் வடியும், கண்மணி சுருங்கும், மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். பூச்சியிலும் இதே நொதியம், மனிதனிலும் இதே நொதியம். அதனால் மனிதனுக்கு ஏற்படும் ஆபத்தைத் ‘தவறான பாவனை’ என்று எழுதுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, உடம்பு மட்டும் வேறு.

93,000 பேர்

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. மிகப் பெரும்பாலானவை வயல் எண்ணெயால். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்களைக் கேட்டால், அந்த வாசனையை வைத்தே எந்த மருந்து என்று சொல்லிவிடுவோம் என்பார்கள்.

ஆட்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்று: சாக நினைத்தவரை யார் தடுக்க முடியும்? இலங்கை ஆஸ்பத்திரிகளில் பிழைத்தவர்களிடம் பேசிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட யோசித்திருக்கவில்லை. புருசன் பெண்சாதிச் சண்டை, அப்பாவின் ஒரு ஏச்சு, கடன்காரர் வாசலில் வந்து நின்ற அவமானம். கைக்கு எட்டியது எதுவோ அதை எடுத்தார்கள். கைக்கு எட்டியது கொடிய நஞ்சாக இருந்தால் சாவு, இல்லையென்றால் இரண்டு நாளில் வீடு. உயிரைத் தீர்மானித்தது மனத்தின் உறுதியைவிட, அந்தப் போகத்தில் கடையில் என்ன விற்றது என்பதுதான். (இதை வாசிக்கும் யாருக்காவது மனம் பாரமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல உதவித் தொடர்பு அது. கதைக்க ஆள் இருக்கிறார்கள்.)

கடையில் என்ன விற்கலாம் என்பதைத் தீர்மானிக்க ஒரு சட்டம் இருந்தது: 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் கீழ் ஒரு பதிவாளர், ஆலோசனை சொல்ல ஒரு தொழில்நுட்பக் குழு. இவர்கள் செய்த வேலையில் வீரம் எதுவும் இல்லை, ஊர்வலம் இல்லை. 1984இல் பரத்தியோனையும் மெதைல் பரத்தியோனையும் நிறுத்தினார்கள். மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் இரண்டையும் படிப்படியாகக் குறைத்து 1995இல் நிறுத்தினார்கள். உடனே கமக்காரர்கள் எண்டோசல்பானுக்கு மாறினார்கள். ஆஸ்பத்திரிக்கு வலிப்போடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1998இல் அதுவும் போனது. அப்புறம் டைமெதோயேற், பென்தியோன், பரகுவாட் மூன்றும் மேலே வந்தன. 2008க்கும் 2011க்கும் இடையில் அவற்றையும் நிறுத்தினார்கள். பரகுவாட்டின் செறிவை முதலில் குறைத்து, பிறகுதான் முழுத்தடை.

ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவால் வரும் என்று தெரிந்தே, வருவதைப் பார்த்து அதையும் அடைக்கும் வேலை இது. எந்தப் பொருள் ஆட்களைக் கொல்கிறது என்று வார்டிலிருந்து தகவல் வரும். அந்தப் பொருள் இல்லாமல் வயலைக் காப்பாற்ற வேறு என்ன இருக்கிறது என்று விவசாயத் திணைக்களம் பார்க்கும். இரண்டும் சேர்ந்த பிறகுதான் கை வைப்பார்கள். பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் எடின்பரோவின் மைக்கல் எடில்ஸ்டன் போன்ற வைத்தியர்களும் இந்தக் கணக்கை வருடக்கணக்காகப் பார்த்தார்கள். விளைச்சல் விழவில்லை. தற்கொலை வீதம் இருபது வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் இறங்கியது. தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் கூடினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் இந்தக் குறைவின் பக்கத்தில் நிற்கவே காணாது. 1995 தொடக்கம் 2015 வரை மட்டும் சுமார் 93,000 உயிர் மிஞ்சியது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

93,000. நம் நாட்டின் விஞ்ஞானச் சாதனை எது என்று பாடசாலையில் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் செய்மதியை எழுதுவார்கள். இதை எழுதும் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

பூட்டிய பெட்டி

இந்தத் தடைகளுக்கு எதிராகத் தொழில் தரப்பு வைத்த வாதம் உலகெங்கும் ஒன்றுதான்: பொருளில் குற்றம் இல்லை, பாவிப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும். பாதுகாப்பான பாவனை. போத்தலில் ஒட்டிய தாளைப் பாருங்கள்: கையுறை, முகமூடி, முழங்கால் சப்பாத்து, எல்லாம் சின்னச் சின்னப் படமாக இருக்கும். சிறுபோக வெயிலில், முழங்கால் சேற்றில், பதினாறு லீற்றர் டேங்கை முதுகில் போட்டுக்கொண்டு ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டி நடக்கிறார். வயல் அவருடையதுகூட அல்ல, நாட்கூலி. சேற்றில் சப்பாத்தோடு நாலு அடி நடந்து பார்த்தவர் அந்தப் படத்தை வரைந்திருக்க மாட்டார்.

சரி, வீட்டிலாவது பூட்டி வைக்கலாமே? நல்ல யோசனைதான். அதனால்தான் அதை ஒழுங்காகச் சோதித்தார்கள். அனுராதபுரப் பக்கம் 180 கிராமங்கள், 53,000க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், மற்றப் பாதிக்குக் கொடுக்கவில்லை. 2017இல் முடிவு வந்தது: நஞ்சு குடித்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இருந்ததற்குச் சான்று இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வேலைக்கு நடுவில் பத்துத் தரம் திறக்க வேண்டிய பெட்டியை யார் பத்துத் தரமும் பூட்டுவார்? பூட்டினாலும் சாவி வீட்டுக்குள்ளேதான் தொங்கும். அதையும் விட்டால் சந்தியில் கடை இருக்கிறது.

பொறுப்பு என்ற சொல்லைப் பற்றி நான் யோசிக்கும் போதெல்லாம் இந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. பொறுப்பை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தால், செய்தவர், விற்றவர், அனுமதித்தவர் எல்லோரையும் தாண்டி அது கடைசியில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் பூட்டாமல் கிடக்கும். மேலே ஒரு குழு ஒரு பெயரை வெட்டினால் முடிகிற வேலைக்கு, கீழே இலட்சம் பேர் தினமும் மறக்காமல் பூட்ட வேண்டியிருக்கிறது.

செய்தவர்களும் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பரகுவாட்டுக்கு நாற்றம் சேர்த்தார்கள், நீல நிறம் சேர்த்தார்கள், வாந்தி வரவைக்கும் பொருள் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் போனால் கட்டிப்படும் புதிய கலவை ஒன்றையும் இலங்கைச் சந்தையில் விட்டுப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள், போதவில்லை. மாற்று மருந்தே இல்லாத ஒரு நஞ்சின் புதிய கலவையை எந்த நாட்டில் பரீட்சித்துப் பார்ப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் பரகுவாட்டுக்கான அனுமதி நீதிமன்றத்தால் இரத்தானது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டில் அதைச் செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுவது நிற்கவில்லை. தன் வயலுக்கு ஆகாதது அடுத்தவன் வயலுக்கு ஆகும்.

போத்தல் தனக்குத் தானே வேலை உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சிக்கு அடிக்கிற எண்ணெய் முதலில் கொல்வது அறக்கொட்டியானைத் தின்னும் சிலந்திகளை. அடுத்த கிழமை அறக்கொட்டியான் இரண்டு மடங்காக வரும், வயல் நெருப்புப் பிடித்தது போலக் கருகும், இன்னொரு போத்தல் வாங்க வேண்டும். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே நாளில் விலக்கிக்கொண்டு, மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, கமக்காரர்களை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சியை அடையாளம் காணப் பழக்கியது. நெல் உற்பத்தி குறையவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது

இதுவரை வாசித்தவர் நான் இரசாயனத்துக்கு எதிரி என்று நினைக்கலாம். அப்படி இருந்தால் டிடிடியை எங்கே வைப்பது? 1934, 35 மலேரியாவில் இலங்கையில் 80,000 பேர் அளவில் இறந்தார்கள். காய்ச்சலுக்குப் பயந்து விட்டுப் போன குளங்களும் ஊர்களும் உலர்வலயம் முழுக்க இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி தெளிக்கத் தொடங்கினார்கள். 1946இல் 28 இலட்சம் நோயாளிகள். 1963இல் 17 பேர். இலட்சம் அல்ல, பதினேழு பேர். கல்லோயாக் குடியேற்றத்தையே டிடிடி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

அப்புறம் 1964இல் தெளிப்பதை நிறுத்தினார்கள். சூழலுக்குப் பயந்து நிறுத்தியதாக இன்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. நோய் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், திட்டப்படி நிறுத்தியது. 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடி தெளித்தபோது நுளம்பு டிடிடிக்குப் பழகியிருந்தது. கடைசியில் நோயை ஒழித்தது ஒரு தனி மருந்தல்ல. இரத்தப் பரிசோதனை, வீடு வீடாகக் கண்காணிப்பு, நுளம்பு வலை, மருந்தை மாற்றி மாற்றித் தெளித்தது என்று அரை நூற்றாண்டு ஊழியர்கள் நடந்த நடை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. ஆக, எல்லை போடுவதும் ஒரு தொழில்நுட்பம்தான். அதைப் பிழையாகச் செய்தாலும் ஆட்கள் சாவார்கள்.

இதை நாங்கள் 2021இல் இன்னொரு தரம் படித்தோம். அதற்கு முன்னோட்டம் ஒன்றும் நடந்தது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிப்பட்டு, அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய வரை பரவலாகத் தெரியும் சிறுநீரக நோய்க்குக் காரணம் என்ன என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒருமிக்கவில்லை. 2014இல் இலங்கை ஆய்வாளர்கள் சிலர் கிளைபொசேற் களைநாசினியும் கடினத் தண்ணீரும் சேர்ந்து காரணமாகலாம் என்று ஒரு கருதுகோளை வைத்தார்கள். கருதுகோள் என்றால் சோதிக்க வேண்டிய ஒன்று. அது மேடைக்கு ஏறியது, 2015இல் நாடு முழுக்கத் தடை வந்தது. கமக்காரர்கள் உழவுக்கு முன் அடிக்க வேறு மலிவான வழி இல்லாமல் நின்றார்கள், போத்தல் கள்ளமாக வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு, 2022இல் தடையே நீங்கியது. நோயாளிகள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். கிளைபொசேற் நல்லது என்று நான் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி ஒரு தடை போட்டால், அடுத்த தடவை தெரிந்தே போடும் தடையையும் ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

2019 தேர்தலில் சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருடம் என்று வாக்குறுதி. 2021 மே 6ஆம் தேதி வர்த்தமானி, இரசாயனப் பசளையும் எண்ணெயும் இறக்குமதிக்குத் தடை. பத்து வருடம் ஒரு இரவாகச் சுருங்கியது. 2005 தொடக்கம் 50 கிலோ மூடையை 350 ரூபாய்க்குக் கொடுத்து அள்ளிப் போடப் பழக்கியதும் இதே அரசியல்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமானதல்ல. ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா என்றால் 46 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. அதே அளவுக்கு ஏக்கருக்கு 2,300 கிலோ தொடக்கம் 4,600 கிலோ வேண்டும். அவ்வளவு கூட்டெரு நாட்டில் எங்கே இருந்தது? எங்கள் பக்கம் வந்த மூடைகள் சிலவற்றைப் பிரித்தபோது கல்லும் கோதும்தான் கூட இருந்தன. அந்த ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் வந்திறங்கியது. அரை லீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடைக்குச் சமம் என்றார்கள். போத்தலில் நைதரசன் நூற்றுக்கு நாலு, அதாவது 20 கிராம். மூடையில் 20 கிலோவுக்கு மேல். யூரியாவில் பாதி வீணாகிறது என்றே வைப்போம். பத்துக் கிலோவுக்கு இருபது கிராம் எப்படி ஈடாகும்? ஓ.எல். பிள்ளைக்குத் தெரியும் இந்தக் கணக்கு. கேட்க வேண்டிய மேசையில் யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டவரை இருக்கவிடவில்லை.

நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். பெரும்போகம் அதற்குள் விதைத்தாயிற்று. அந்தப் போக விளைச்சல் நாடு முழுக்க முந்தைய வருடத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தது. அடுத்த போகத்தில் யூரியா மூடை நாற்பதாயிரம் ரூபாய் வரை போனது. எங்கள் வட்டையில் நிலத்தைத் தரிசாகப் போட்டவர்களை அப்போதுதான் முதல் தடவை கண்டேன். போர்க்காலத்தில்கூட எப்படியாவது விதைத்தவர்கள்.

இரண்டு தடைக்கும் நோக்கம் ஒன்றே: நஞ்சில்லாத வயல். பீடைகொல்லிக் குழு ஒவ்வொரு பொருளாக, வார்டையும் வயலையும் பார்த்துப் பார்த்து, 27 வருடம் எடுத்தது. பசளைத் தடைக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை. முதலாவதற்குப் புகழ் இல்லை, இரண்டாவதைத் தொடங்கியவர்கள் உலக மேடைகளில் அதைப் பற்றிப் பேசினார்கள். ஒரு நல்ல நோக்கம் பாழாய்ப்போனதில் பெரிய நட்டம் என்னவென்றால், இன்று எங்கள் பக்கத்தில் சேதனப் பசளை என்று வாயெடுத்தாலே ஆட்கள் எழும்பிப் போய்விடுகிறார்கள்.

இப்போது வட்டைக்கு ட்ரோன் வந்திருக்கிறது. சேற்றில் இறங்க வேண்டாம், முதுகில் டேங்க் வேண்டாம், நஞ்சு தோலில் படாது. சாரத்தை மடித்துக்கொண்டு நடந்தவருக்கு இது உண்மையாகவே நல்ல செய்தி, அந்தக் கூலி வேலை போகிறது என்பதைத் தவிர. போன பெரும்போகத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வயலில் நின்று பார்த்தேன். பொடியன் ஒருவன் வரம்பில் குடை பிடித்து நின்று போனில் வயலின் எல்லையைக் கீறினான். ட்ரோன் பத்து நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டது. பக்கத்தில் வாடிக்காரர், முல்லைக்காரராக (வயல் வேலையைப் பொறுப்பாகப் பார்ப்பவராக) முப்பது வருடம் இருந்தவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“மனே, காத்து வாவிப் பக்கம் அடிக்குதே, இது ஆர்ர வயலுக்குப் போகும்?”

“எல்லை போட்டிருக்கு அப்பா. அதுக்கு அங்கால போகாது.”

“மெசின் போகாது மனே. நான் எண்ணெயைக் கேக்கன்.”

பொடியன் சிரித்துவிட்டுப் பெட்டரியை மாற்றப் போனான். கிழவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ் வரம்புக்கு நடந்தார். அங்கேயிருந்து தண்ணீர் அடுத்தவர் வயலுக்கு இறங்கும், அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு, அப்படியே வாவி வரைக்கும். அவர் குனிந்து இரண்டு வக்கடையையும் சேறு வைத்து அடைத்தார்.